‘இன்டிமேட் பண்ணிட்டீங்களா?’: நாமக்கல் லாரி ஆபீஸில் ஒரு பொருள், ஆங்கில அகராதியில் நேர் எதிர்ப் பொருள்... ஏன் இப்படி?

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ‘இன்டிமேட்’ என்ற ஆங்கில வார்த்தைக்கு உடனே அர்த்தம் சொல்லிவிடுவார்.

வண்டி நாக்பூர் தாண்டி எங்கேயோ மோதி நிற்கிறது. டிரைவர் போன் செய்கிறார். ஓனர் உடனே இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைக் கூப்பிடுகிறார். எதிர்முனையில் இருந்து வரும் முதல் கேள்வியே, "கம்பெனிக்கு இன்டிமேட் பண்ணிட்டீங்களா?" என்பதுதான். இங்கே இன்டிமேட் என்றால் தெரியப்படுத்துவது. அதுவும் சும்மா வாய்வார்த்தையாகச் சொல்வது அல்ல. தேதி, நேரம், ஒரு க்ளைம் நம்பர் எல்லாம் பதிவாகிற மாதிரி, பின்னாளில் யாரும் ‘சொல்லவே இல்லையே’ என்று மறுக்க முடியாத மாதிரி தெரியப்படுத்துவது.

அதே வீட்டில் மகளோ மகனோ வெளிநாட்டுப் படிப்புக்காக ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கலாம். அகராதியைத் திறந்து ஐ-என்-டி-ஐ-எம்-ஏ-டி-இ என்ற வினைச்சொல்லைத் தேடினால், அங்கே போட்டிருப்பது வேறு. ‘நேரடியாகச் சொல்லாமல் மறைமுகமாக உணர்த்துதல்’.

ஒருவருக்குப் பளிச்சென்று பதிவு செய்து சொல்வது. இன்னொருவருக்குச் சொல்லாமல் சொல்வது. ஒரே சொல் எப்படி இரண்டு எதிர்த் திசைகளில் ஓடுகிறது? இதில் எது சரி? தவறாகப் புரிந்துகொண்டால் என்ன நஷ்டம்? பார்க்கலாம்.

அகராதியில் இருக்கும் ‘இன்டிமேட்’

அகராதிப் பொருளை விளங்கிக்கொள்ள லண்டன் வரை போக வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் பக்கத்துப் பேச்சிலேயே அது ஏராளமாக இருக்கிறது.

பெண் பார்த்துவிட்டு வந்தாகிவிட்டது. பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. இரண்டு நாள் கழித்து மாப்பிள்ளை வீட்டார் போன் செய்தால், "கலந்து பேசிட்டு சொல்றோமுங்க" என்று பதில் வருகிறது. அடுத்த வாரமும் அதே பதில். ‘வேண்டாம்’ என்ற வார்த்தையை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. ஆனாலும் தரகருக்கு விஷயம் புரிந்துவிடும், அடுத்த ஜாதகத்தை எடுத்துவிடுவார். பெண் வீட்டார் செய்ததுதான் அகராதி சொல்லும் இன்டிமேட்.

கைமாற்றாகப் பணம் கொடுத்த உறவினர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வருகிறார். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மழை பற்றி, மரவள்ளி விலை பற்றிப் பேசுகிறார். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த மாசம் பொண்ணுக்கு சீர் செய்யோணுமுங்க மாமா, செலவு கொஞ்சம் இருக்குது" என்கிறார். மாமாவுக்கு உறைத்துவிடுகிறது. இதுவும் இன்டிமேட்தான்.

இதற்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. சாடையாகச் சொல்வது, சூசகமாகத் தெரிவிப்பது, கோடி காட்டுவது, இலைமறை காயாகப் பேசுவது என்று வரிசையாக இருக்கின்றன. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற பெயரிலேயே இரண்டு அதிகாரங்கள் உண்டு. பொருட்பாலில் 71-வது அதிகாரம், காமத்துப்பாலில் 110-வது அதிகாரம். அரசவையிலும் காதலிலும் சொல்லாததைப் புரிந்துகொள்வது தனித் திறமை என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். ரகசியமாகச் சொல்வது வேறு, மறைமுகமாகச் சொல்வது வேறு. மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, அது இன்டிமேட் ஆகாது. அங்கே விரல் சொல்லும் தொகை மிகத் தெளிவானது. பக்கத்தில் நிற்பவருக்குத்தான் தெரியாது, பேசும் இருவருக்கும் சந்தேகமே கிடையாது. இன்டிமேட் செய்வதில் அப்படி இல்லை. சொன்னவர் நாளைக்கே, "நான் எங்கே அப்படிச் சொன்னேன்?" என்று கேட்கலாம். கேட்பவரும் பதில் பேச முடியாது. அந்த வார்த்தையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

வாக்கியத்தில் எப்படி வரும்?

நம் ஊர் ஆங்கிலத்தில் இன்டிமேட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஆள் வருவார். ‘ப்ளீஸ் இன்டிமேட் மீ’, ‘இன்டிமேட் தி பேரன்ட்ஸ்’ என்று எழுதுகிறோம். ‘எனக்குத் தெரியப்படுத்துங்கள்’, ‘பெற்றோருக்குத் தெரியப்படுத்துங்கள்’ என்ற நினைப்பில் அது சரியாகவே தோன்றும்.

பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஆள் வருவதில்லை, உணர்த்தப்படும் விஷயம்தான் வரும். ‘மேனேஜர் இன்டிமேட்டட் தட்...’ என்று தொடங்கி, அவர் எதைக் கோடி காட்டினார் என்பதைச் சொல்வார்கள். யாரிடம் என்பதும் வேண்டுமென்றால் ‘டு’ சேர்த்து, ‘ஷி இன்டிமேட்டட் டு ஹிம் தட்...’ என்று வரும். ‘இன்டிமேட் மீ’ என்று அவர்களுக்கு எழுதினால் இலக்கணப்படியே ஏதோ இடிக்கிறது என்று நினைப்பார்கள்.

இதன் பெயர்ச்சொல் ‘இன்டிமேஷன்’. அங்கே அதற்கு லேசான அறிகுறி, முன்னுணர்வு என்று அர்த்தம். ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு வேர்ட்ஸ்வொர்த்தின் ‘இன்டிமேஷன்ஸ் ஆஃப் இம்மார்ட்டாலிட்டி’ என்ற தலைப்பு நினைவுக்கு வரலாம். அழியாமை பற்றி மனதில் தோன்றி மறையும் சாயல்கள் என்பது போன்ற பொருள். நம் ஆபீஸ் கணக்கில் மொழிபெயர்த்தால் ‘அழியாமை குறித்த அறிவிப்புக் கடிதம்’ என்றாகிவிடும். மேலே ஒரு ரெஃபரன்ஸ் நம்பர்தான் குறை!

அப்படியென்றால் நாம் தப்பாகப் பேசுகிறோமா?

இல்லை. இங்கேதான் கதையில் ஒரு திருப்பம்.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘இன்டிமுஸ்’ என்றால் உள்ளுக்குள்ளே, மிக ஆழத்தில் இருப்பது. அதிலிருந்து வந்த ‘இன்டிமாரே’ என்ற வினைக்கு அறிவிப்பது, மனதில் பதிய வைப்பது என்று பொருள். 16-ம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் இந்த வினைச்சொல் வந்தபோது முதலில் இருந்த அர்த்தமே ‘முறைப்படி அறிவித்தல்’தான். மறைமுகமாக உணர்த்துவது என்ற அர்த்தம் அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்து ஒட்டிக்கொண்டது.

வந்த விருந்தாளி வீட்டுக்காரர் ஆகிவிட்டார். 1755-ல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட புகழ்பெற்ற ஆங்கில அகராதியில், அவ்வளவு வெளிப்படையாக இல்லாமல் மறைமுகமாகச் சுட்டுவது என்ற பொருளே இந்தச் சொல்லுக்குத் தரப்பட்டது. ஆனால் சட்டம், நிர்வாகம், கடிதப் போக்குவரத்து ஆகிய இடங்களில் பழைய அர்த்தமும் சாகவில்லை. ஸ்காட்லாந்தில் இன்றும் சட்டப்படியான அறிவிப்புக்கு ‘இன்டிமேஷன்’ என்று பெயர். அங்கே தேவாலயத்தில் வாசிக்கும் அறிவிப்புகளையும் அப்படித்தான் சொல்வார்கள்.

சேலம் பகுதி 1792-ல் திப்பு சுல்தானுடனான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீட் பொறுப்பேற்றார். அதிலிருந்து இந்த வட்டாரம் இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஆபீஸ் ஆங்கிலத்தோடு குடும்பம் நடத்துகிறது. அந்த ஆங்கிலம் பேச்சில் இருந்து வந்தது அல்ல, காகிதத்தில் இருந்து வந்தது. அதனால் ‘டூ தி நீட்ஃபுல்’ மாதிரி, பிரிட்டனில் வழக்கொழிந்த பல சொற்கள் இங்கே தாலுகா ஆபீஸ் ஃபைலில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இன்டிமேட்டும் அந்தக் கூட்டம்தான். பெரிய அகராதிகள் ‘தெரியப்படுத்து’ என்ற பொருளையும் பட்டியலில் வைத்திருக்கின்றன. ஆகவே, அதைப் பிழை என்று சொல்லி பிள்ளைகளின் பேப்பரில் சிவப்பு மையால் சுழிப்பது கொஞ்சம் அவசரமான வேலை.

வீட்டுக்கே வரும் ‘இன்டிமேஷன்’

இந்தியாவில் இந்தச் சொல்லுக்குச் சட்ட அந்தஸ்தே இருக்கிறது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்களுக்கு, 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 143(1) பிரிவின் கீழ் மெயிலில் வருவதன் பெயரே ‘இன்டிமேஷன்’. கணக்கு அப்படியே ஏற்கப்பட்டதா, ரீஃபண்ட் வருமா, கூடுதலாகக் கட்ட வேண்டுமா என்று அதில் இருக்கும். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, தொடர்ந்து பிறந்த தேதியை எட்டு இலக்கமாகப் போட்டால்தான் அந்த ஃபைல் திறக்கும்.

பவர்லூம் வைத்திருப்பவர், ரிக் வண்டி ஓனர், முட்டை வியாபாரி என்று பலரும் இந்த மெயிலைப் பார்த்ததும் ரெய்டு வரப்போகிறதோ என்று பதறுவது உண்டு. இன்னும் சிலர் இது ஏதோ தகவல்தானே என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. இது பெரும்பாலும் கம்ப்யூட்டர் சரிபார்த்து அனுப்பும் கணக்கு. ஆனால் வெறும் கோடி காட்டல் அல்ல. கணக்கில் மாற்றம் செய்வதாக இருந்தால், அதற்கு முன்பே வரி செலுத்துபவருக்கு இன்டிமேஷன் அனுப்பி, பதில் சொல்ல 30 நாள் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த 30 நாளைக் கோட்டைவிட்டால், மாற்றம் அப்படியே ஏறிவிடும். இந்த ஒரு இடத்தில் அகராதி அர்த்தத்தை நம்பி உட்கார்ந்தால் பணம் போகும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-லும் இதே சொல் வருகிறது. கேட்ட தகவலைத் தர கூடுதல் கட்டணம் தேவைப்பட்டால், எவ்வளவு, எப்படிக் கணக்கிடப்பட்டது என்று விண்ணப்பதாரருக்கு ‘இன்டிமேஷன்’ அனுப்ப வேண்டும் என்கிறது 7(3) பிரிவு. அதை அனுப்பிய நாளில் இருந்து பணம் கட்டும் நாள் வரையிலான இடைவெளி, 30 நாள் கெடுவில் சேராது. கட்டணக் கடிதம் வந்தும் பார்க்காமல் விட்டுவிட்டு, ‘ஒரு மாசம் ஆச்சு, பதிலே இல்லை’ என்று மேல்முறையீட்டுக்கு ஓடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

லாரி காணாமல் போனால்... தாமதமான இன்டிமேஷன் க்ளைமைக் கெடுக்குமா?

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்தில் இந்தச் சொல்லின் முழு எடையும் தெரிவது இங்கேதான். லாரியும், ரிக் வண்டியும் ஊரில் நிற்பதைவிட மகாராஷ்டிராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஓடும் நாட்களே அதிகம். சம்பவம் நடப்பது ஒரு மாநிலம், பாலிசி எடுத்தது இன்னொரு மாநிலம். நடுவில் தகவல் போய்ச் சேர நாள் ஆகிவிடும்.

மோட்டார் பாலிசியின் வழக்கமான நிபந்தனைகளில் முதலாவது இதுதான்: விபத்தோ இழப்போ நடந்தால் உடனடியாக எழுத்து மூலம் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இதைத்தான் நடைமுறையில் ‘க்ளைம் இன்டிமேஷன்’ என்கிறார்கள். இது தாமதமானது என்று காரணம் காட்டி க்ளைமை நிராகரித்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன சம்பவங்கள் பல.

2011 செப்டம்பர் 20-ம் தேதி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. குறிப்பிட்ட நாட்களுக்குள் இன்டிமேட் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை தேவையானதுதான். ஆனால் தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதம் ஆகியிருந்தால், உண்மையான க்ளைமுக்கு அது தடையாகக் கூடாது என்பது அதன் சாரம். அதன் பிறகும் நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டு விதமாக வந்துகொண்டிருந்தன. ஒரு அமர்வு, தாமதம் என்றால் நிராகரிக்கலாம் என்றது. இன்னொரு அமர்வு, காரணத்தைப் பார்க்க வேண்டும் என்றது.

இந்த முரண்பாட்டைத் தீர்க்க விஷயம் மூன்று நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. அது ஒரு டிராக்டர் திருட்டு வழக்கு. 2010 அக்டோபரில் டிராக்டர் திருடு போன அன்றே போலீஸில் எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் போனதோ ஒன்றரை மாதம் கழித்து. 2020 ஜனவரி 24-ம் தேதி தீர்ப்பு வந்தது. வண்டி திருட்டில் முதல் அவசரம் போலீஸுக்குச் சொல்வதுதான், ஏனென்றால் தேடிப் பிடிக்கப் போவது போலீஸ்தான். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகி, வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸே அறிக்கை கொடுத்து, க்ளைம் உண்மையானது என்றும் தெரிந்த பிறகு, கம்பெனிக்கு இன்டிமேட் செய்யத் தாமதமானது என்ற ஒரே காரணத்தால் பணத்தை மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது.

லாரிக்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான வழக்கு அதற்குப் பிறகு வந்தது. 2007 நவம்பரில் ஒரு டிரக் கொள்ளை போனது. மறுநாளே எஃப்.ஐ.ஆர். கம்பெனிக்குத் தகவல் போனது ஐந்து மாதம் கழித்து. 2022 பிப்ரவரி 11-ம் தேதி உச்ச நீதிமன்றம் முந்தைய தீர்ப்பையே பின்பற்றி, வண்டியின் உரிமையாளர் பக்கம் நின்றது.

இதைப் படித்துவிட்டு, ‘அப்போ மெதுவா இன்டிமேட் பண்ணிக்கலாம்’ என்று யாரும் முடிவு செய்ய வேண்டாம். அந்த உரிமையாளர்கள் ஜெயித்தது, போலீஸுக்கு உடனே போனதால்தான். அப்படியும் பணத்துக்காகப் பல வருஷம் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. இரண்டுமே திருட்டு, கொள்ளை வழக்குகள் என்பதையும் கவனிக்க வேண்டும். மோதல் விபத்தில் நிலைமை வேறு. வண்டியை நகர்த்துவதற்கு முன் சர்வேயர் வந்து ஸ்பாட் சர்வே பார்க்க வேண்டியிருக்கும். ஒர்க்‌ஷாப்பில் இழுத்துப் போட்டுப் பிரித்த பிறகு சொன்னால், சேதம் எப்படி ஆனது என்று நிரூபிப்பது ஓனர் தலையில் விழும்.

"ஏஜென்ட் நம்ம பையன்தானுங்க, அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன்" என்பது பல ஓனர்களின் வாதம். பேச்சுவாக்கில் சொன்னதற்கு ஆதாரம் ஏது? கம்பெனியின் டோல்ஃப்ரீ எண்ணிலோ, ஆப்பிலோ, மெயிலிலோ பதிந்து, க்ளைம் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டால்தான் அது இன்டிமேஷன். ஏஜென்டிடம் சாடையாகச் சொன்னது அகராதிப்படி இன்டிமேட் ஆகலாம், பாலிசிப்படி ஆகாது.

கடல் தாண்டும்போது என்ன ஆகும்?

நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குப் போகிறது. சேலம், பள்ளிபாளையம், குமாரபாளையம் துணிகளும் வெளிநாட்டுக்குப் போகின்றன. கூடவே மெயில்களும் போகின்றன.

‘வீ வில் இன்டிமேட் யூ தி டிஸ்பேட்ச் டேட்’ என்று எழுதினால், துபாயில் இருக்கும் இந்திய மேனேஜருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. அதே வரி பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ பிறந்து வளர்ந்தவர் கையில் கிடைத்தால், ‘சரக்கு கிளம்பும் தேதியை ஏன் சாடையாகச் சொல்லப் போகிறார்கள்?’ என்று ஒரு நொடி புருவம் உயரும். போதாக்குறைக்கு, இதே எழுத்துகளில் உள்ள பெயரடைக்கு ‘மிக நெருக்கமான’ என்று அர்த்தம். சினிமா செய்திகளில் வரும் ‘இன்டிமேட் சீன்’ அதுதான். அதனால் சிரிப்பும் வரலாம். வியாபாரம் ஒன்றும் கெட்டுவிடாது என்றாலும், அந்த இடத்தில் ‘இன்ஃபார்ம்’ அல்லது ‘நோட்டிஃபை’ போட்டால் உலகம் முழுக்க ஒரே அர்த்தம்தான். ‘லெட் யூ நோ’ என்பது இன்னும் எளிது.

உண்மையான சிக்கல் எதிர்த் திசையில் இருக்கிறது. வெளிநாட்டு பையர் ஒருவர், ‘அவர் டைரக்டர்ஸ் ஹேவ் இன்டிமேட்டட்...’ என்று ஆரம்பித்து, அடுத்த சீசனுக்கும் ஆர்டர் தொடரும் என்று எழுதியிருந்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? ‘டைரக்டர்களே தெரியப்படுத்திவிட்டார்கள், உறுதி’ என்று நூலுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவோம். அவர் சொன்னதோ, ‘தொடரலாம் என்பது மாதிரி கோடி காட்டியிருக்கிறார்கள்’ என்பது மட்டுமே. எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆர்டர் வரும் வரை அது வெறும் ஜாடைதான். அங்கே வேலைக்குப் போயிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று மேலாளர் ‘இன்டிமேட்’ செய்தார் என்றால் இன்னும் நோட்டீஸ் வரவில்லை, வேறு வேலை பார்க்க ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

வெளிநாட்டு ஏஜென்சி செய்திகளை மொழிபெயர்க்கும்போது செய்தி அறைகளும் இதில் சறுக்குவது உண்டு. ஒரு தலைவர் பதவி விலகப்போவதாக ‘இன்டிமேட்டட்’ என்று வந்தால், ‘தெரிவித்தார்’ என்று போடக் கூடாது, ‘சூசகமாகத் தெரிவித்தார்’ என்றுதான் போட வேண்டும். ஒரு வார்த்தை விட்டுப்போனால், நடக்காத ராஜினாமா ஃபிளாஷ் நியூஸில் ஓடிவிடும்.

ஹின்ட், இம்ப்ளை, சஜஸ்ட், இன்சினுவேட்: என்ன வித்தியாசம்?

மறைமுகமாகச் சொல்ல ஆங்கிலத்தில் இன்டிமேட் மட்டும் இல்லை. பேச்சில் அதிகம் புழங்குவது ‘ஹின்ட்’. நமக்கே பழக்கமான சொல். இன்டிமேட் அதைவிடக் கொஞ்சம் மரியாதையான, எழுத்து நடைச் சொல். நண்பர்கள் ஹின்ட் கொடுப்பார்கள், அமைச்சர்கள் இன்டிமேட் செய்வார்கள்.

‘இம்ப்ளை’ செய்ய ஆள்கூட வேண்டாம். ஒரு பேச்சில், ஒரு கணக்கில், ஒரு மௌனத்தில் அர்த்தம் பொதிந்திருந்தாலே போதும். கடைக்காரர் ‘பழைய பாக்கியே நிக்குதுங்க’ என்றால், புதிதாகக் கடன் இல்லை என்பது அதற்குள்ளேயே அடக்கம். இதைக் கேட்டுப் புரிந்துகொள்பவர் செய்வது ‘இன்ஃபர்’. சொல்பவர் இம்ப்ளை, கேட்பவர் இன்ஃபர். போட்டித் தேர்வுகளில் மாற்றிப் போட்டு மார்க் இழக்கும் இடம் இது.

‘சஜஸ்ட்’ என்ற சொல் நாமக்கல்லுக்கு நன்றாகவே தெரியும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, அதாவது என்.இ.சி.சி., அறிவிக்கும் முட்டை விலை சட்டப்படி கட்டாய விலை கிடையாது. அது ‘சஜஸ்டட்’ விலை, பரிந்துரைதான். ஆனால் ஊரே அதை வைத்துத்தான் பேரம் பேசுகிறது, டிவியிலும் ‘நாமக்கல் முட்டை விலை 5 காசு உயர்வு’ என்று அதுவே ஓடுகிறது. வியாபாரிகள் அதற்கும் கீழே குறைத்துக் கேட்கும்போது, அதற்கு ‘மைனஸ்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். சஜஸ்ட் என்றால் கட்டளை இல்லை என்பதைப் பண்ணைக்காரருக்கு யாரும் டிக்‌ஷனரி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக ‘இன்சினுவேட்’. இது விஷம் தடவிய ஜாடை. மற்ற சொற்களில் நல்லதும் சொல்லலாம், கெட்டதும் சொல்லலாம். இதில் கெட்டது மட்டும்தான். "அவரு ரொம்ப நேர்மையானவருங்க, கூட்டுறவு சங்கப் பணத்தை அவரு தொட்டிருக்கவே மாட்டாரு" என்று டீக்கடையில் ஒருவர் அழுத்திச் சொன்னால், கேட்பவர் என்ன நினைப்பார்? நேரடியாகக் குற்றம் சொல்லவில்லையே, கேஸ் போட முடியாது என்று நினைக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவும், அதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-வது பிரிவும், கிண்டலாகவோ சுற்றி வளைத்தோ சொல்வதும் அவதூறு ஆகலாம் என்கின்றன. ‘இன்னார் நேர்மையானவர், அந்த வாட்ச்சை அவர் திருடவே இல்லை’ என்று பேசி, திருடியதாக மற்றவர்களை நம்ப வைப்பது சட்டமே தரும் உதாரணங்களில் ஒன்று. தண்டனை 2 ஆண்டு வரை சிறையாகவோ, அபராதமாகவோ, இரண்டுமாகவோ, சமூக சேவையாகவோ இருக்கலாம். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ‘பேரு சொல்ல விரும்பல, ஆனா எல்லாருக்கும் தெரியும்’ என்று மெசேஜ் போடுபவர்களும் இதைப் படித்து வைப்பது நல்லது.

உச்சரிப்பில் ஒரு சின்ன விஷயம்

வினைச்சொல்லாக வரும்போது கடைசி அசை நீளும்: ‘இன்டிமேய்ட்’. நெருக்கமான என்ற பெயரடையாக வரும்போது அது சுருங்கிவிடும்: ‘இன்டிமட்’. எஸ்டிமேட், செபரேட் போன்ற சொற்களிலும் இதே கதைதான், வினை நீளும், மற்றது சுருங்கும். நாம் இரண்டையும் ‘இன்டிமேட்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இன்சூரன்ஸ் கவுன்டரில் அதனால் ஒரு பிரச்னையும் வராது. வெளிநாட்டு இன்டர்வியூவில் அதிகாரியிடம் பேசும்போது சந்தேகமாக இருந்தால், ‘இன்ஃபார்ம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம்.